சர்க்கரை நோய் இருப்பவர் ஹெவி லைசென்ஸ் புதுப்பிக்க, மருத்துவச் சான்றுக்கு எப்படித் தயாராவது?

உங்களுக்கு 46 வயது, சர்க்கரை நோய் உண்டு, உரிமம் காலாவதியாக இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். நாமக்கல்லில் 27 ஆண்டுகளாக லாரி ஓட்டும் நானும் இதே இடத்தில் தவறு செய்தவன் என்பதால் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருந்து விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

மருத்துவச் சான்றுக்கான படிவம் 1ஏ-வில் மருத்துவர் பார்த்து எழுத வேண்டியவை சிலவே: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா, ஒலி எழுப்பினால் காது கேட்கிறதா, ஓட்டுவதற்கு இடையூறான உடல் குறை உண்டா என்பன போன்றவை. சர்க்கரை அளவைப் பற்றி அதில் தனிக் கேள்வி இல்லை என்பதால், மற்றவர்களைப் போல நானும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சென்ற முறை இரண்டே வாரங்கள் இருந்தபோதுதான் எண் பலகை மங்குவதைக் கவனித்தேன். அவசரமாகக் கடையில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு சான்றும் பெற்றுவிட்டேன். அப்போது என் சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. அதன் பிறகு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு அளவைக் குறைத்தேன். இரண்டு மாதம் கழித்து நாக்பூர் லோடுடன் தெலங்கானாவின் நிர்மல் ஊரைத் தாண்டி இரவில் போய்க்கொண்டிருந்தபோது, முன்னால் சென்ற டிரெய்லரின் இரண்டு சிவப்பு விளக்குகளும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், தூரத்தில் போகும் விளக்குகள் தனித்தனியாகத் தெளிவாகத் தெரிகின்றன!

சர்க்கரை மிகும்போது கண்ணின் வில்லை நீர் கோத்து உப்பிக்கொள்வதால் தூரப் பார்வை மங்குகிறது என்றும், அந்த நேரத்தில் அளந்து போட்ட கண்ணாடி, சர்க்கரை இறங்கியபின் பொருந்தாது என்றும் கண் மருத்துவர் பிறகு விளக்கினார். ஆகவே முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சில வாரங்கள் அது நிலையாக இருந்த பின்னரே கண்ணாடிக்கு அளவு கொடுங்கள். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதால், அவகாசத்தைக் கணக்கிட்டே நாளைத் தேர்ந்தெடுக்கலாம். இடையில் நீங்களே சோதித்துக்கொள்ள, நிற்கும் வண்டியிலிருந்து சாதாரணமாக 33 எட்டு (ஏறத்தாழ அந்த 25 மீட்டர்) நடந்து வந்து, ஒரு கண்ணை மூடி மற்றதால் எண்ணைப் படித்துப் பாருங்கள். இரண்டு கண்ணாலும் சேர்ந்து பார்த்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்; என் வலக்கண்ணின் குறை அப்படித்தான் பல மாதம் தெரியாமல் இருந்தது.

பணம் கொடுத்தால் பார்க்காமலே கையெழுத்துக் கிடைக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று சிலர் இங்கே கேட்கக்கூடும். எல்லா மருத்துவரையும் நான் குறை கூறவில்லை. ஆனால் அப்படி வாங்கிய சான்று, நிர்மல் காட்டுச் சாலையில் எனக்கு எந்த விதத்திலும் உதவியிருக்காது.

இதில் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. எட்டு ஆண்டு கடந்த லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) பார்க்கிறார்கள், அதற்காக நாள் கணக்கில் வண்டியை நிறுத்தி, பிரேக் முதல் விளக்கு வரை சரிசெய்கிறார்கள். ஓட்டுபவனின் கண்ணுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். கண் மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் விடுப்புக் கேட்டபோது, "வண்டி எஃப்.சி.க்கு நிக்கும்போது போய்ட்டு வா" என்றார் அப்போதைய முதலாளி.

உங்களுக்கும் அதே பதில் கிடைத்தாலும் விடாதீர்கள். ஒரு முழு நாளையே கேட்டு வாங்குங்கள். விழித்திரையைப் பார்ப்பதற்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும் என்பதால், அன்று எந்த லோடையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.