மகளுக்கு ஏர் ரைஃபிள்: 4,000 வெள்ளியா, 16,000 வெள்ளியா?

கேள்வி: என் மகள் படிவம் 2 படிக்கிறாள். போன வருடக் கடைசியில் துப்பாக்கிச் சுடும் கிளப்பில் சேர்ந்தாள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவு. கிளப்பில் இருக்கும் ரைஃபிளைப் பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சுடுகிறார்கள். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தேன். சாதாரண ரைஃபிள் 4,000 வெள்ளி, ஜெர்மன் ரைஃபிள் 16,000 வெள்ளி என்றார்கள். விலை குறைந்ததை வாங்கிக் கொடுத்தால் அவளுடைய புள்ளி குறையுமா? ஆன்லைனில் இன்னும் மலிவாக விற்கிறார்களே, அதை வாங்கலாமா? அவள் இப்போது ஒரு குண்டுக்குப் பத்தில் பெரும்பாலும் 7, 8 எடுக்கிறாள்.
— ஒரு தந்தை, செந்தூல்

பதில்: ஐயா, இப்போதைக்கு அந்த 12,000 வெள்ளி வித்தியாசம் உங்கள் மகளின் புள்ளியைக் கூட்டாது. அதற்காக 4,000 வெள்ளி ரைஃபிளை உடனே போய் வாங்கிவிடவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

முதலில் இலக்கு அட்டையைப் பார்ப்போம். நடுவில் இருக்கும் 10 புள்ளி வட்டத்தின் அகலம் வெறும் 0.5 மி.மீ. பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான். பெல்லட்டின், அதாவது ஏர் ரைஃபிளில் போடும் சிறு ஈயக் குண்டின், விட்டம் 4.5 மி.மீ. துளையின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10 கிடைத்துவிடும். அதாவது துளையின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் 10. 5 மி.மீ.க்குள் என்றால் 9, 7.5 மி.மீ.க்குள் என்றால் 8. இப்படியே ஒவ்வொரு புள்ளிக்கும் 2.5 மி.மீ. தள்ளிப் போகும்.

இனி ரைஃபிளின் பங்கு. ஒரு ரைஃபிளை இடுக்கியில் அசையாமல் பூட்டி, ஒரே வகை பெல்லட்டை 10 முறை சுட்டாலும் பத்தும் ஒரே துளையில் போகாது, கொஞ்சம் சிதறும். நல்ல போட்டி ரைஃபிளில் அந்தத் துளைக் கூட்டத்தின் வெளி அகலம் 5.5 முதல் 6 மி.மீ. வரும். பெல்லட்டின் 4.5 மி.மீ.யைக் கழித்தால் உண்மையான சிதறல் 1 முதல் 1.5 மி.மீ. ஒழுங்காகச் செய்த தொடக்கநிலை ரைஃபிளில் 2.5, 3 மி.மீ. வரலாம். ஆக, குழலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1.5 மி.மீ.

உங்கள் மகள் பக்கம் வருவோம். 7, 8 எடுக்கும் பிள்ளைக்கு அவ்வப்போது 6 விழும், சில சமயம் 10 விழும். அப்படியானால் அவளுடைய சிதறல் ஏறக்குறைய 25 மி.மீ. ரைஃபிளின் சிதறலும் ஆளின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை. ஒன்று இடப்பக்கம் தள்ளும்போது இன்னொன்று மேலே தள்ளலாம், எதிர்ப்பக்கமும் தள்ளலாம். அதனால் இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 3 மி.மீ. ரைஃபிளில் மொத்தச் சிதறல் 25.18 மி.மீ. 1.5 மி.மீ. ரைஃபிளில் 25.04 மி.மீ. வித்தியாசம் 0.14 மி.மீ. 12,000 வெள்ளிக்கு இந்த வயதில் கிடைப்பது இவ்வளவுதான்.

இதே கணக்கு உலகத் தரத்தில் தலைகீழாக மாறிவிடும். அங்கே தசமப் புள்ளி. நட்டநடுவில் விழுந்தால் 10.9, அங்கிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 குறையும். 60 குண்டுக்கு உச்சம் 654. முன்னணி வீராங்கனைகள் 630ஐ ஒட்டி எடுக்கிறார்கள். சராசரி 10.5, அதாவது குண்டுக்குக் குண்டு மையத்திலிருந்து 1.25 மி.மீ.க்குள். அந்த இடத்தில் ரைஃபிள் 1.5 மி.மீ. கூடுதலாகச் சிதறினால் தாங்காது. ஒரு குண்டுக்கு 0.1 போனாலும் 60 குண்டில் 6 புள்ளி போய்விடும். இறுதிச்சுற்றுக்குள் நுழைவதும் வீடு திரும்புவதும் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் முடிவாகிறது.

விலை குறைந்த ரைஃபிளில் குழல் எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்கலாம். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் போடும் இயந்திரங்கள் இப்போது அவ்வளவு துல்லியம். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் நீண்ட காலம் பயின்ற டெய்சி 853 எளிய ரைஃபிள்தான், ஆனால் அதில் இருப்பது ஜெர்மனியின் லோதர் வால்தர் குழல். அங்கே வேட்டை ரைஃபிள் வாங்குபவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சேவேஜ் போன்ற நிறுவனங்கள் குழலை ஒரு நட்டால் பொருத்தும் முறையைப் பின்பற்றுகின்றன. அதனால் கையால் இழைத்துச் சரிசெய்யும் வேலை குறைகிறது, விலையும் குறைகிறது, குறியோ கெடுவதில்லை. விலை கூடக்கூட அங்கேயும் மாறுவது பெரும்பாலும் கட்டை (தோளிலும் கன்னத்திலும் சாயும் உடல்பகுதி), எடை, டிரிகர், குண்டு ஏற்றும் இயக்கத்தின் மென்மை.

நீங்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான். மலிவு ரைஃபிள் தோற்கும் இடம் குழலே இல்லை, டிரிகரும் கட்டையும்தான்.

போட்டி ரைஃபிளின் டிரிகர் 100 கிராம் அழுத்தத்திலோ அதற்கும் கீழேயோ விடும். முதல் கட்டம் லேசாக நகர்ந்து, ஓரிடத்தில் தட்டி நிற்கும். அதன் பிறகு நினைத்தாலே விடும் அளவுக்குச் சுத்தமாக இருக்கும். மலிவு ரைஃபிள்களில் ஒரு கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டி வரும், நடுவில் சொரசொரப்பும் இருக்கும். கண் வைத்துப் பார்க்கும் பின்குறிக்கும் குழல் முனையில் இருக்கும் முன்குறிக்கும் இடையே சுமார் 80 செ.மீ. இழுக்கும் வேகத்தில் முன்குறி 0.2 மி.மீ. நகர்ந்தாலே பெல்லட் அட்டையில் 2.5 மி.மீ. தள்ளி விழும், ஒரு முழுப் புள்ளி போகும். 0.2 மி.மீ. என்றால் இரண்டு தாள் தடிமன். கனமான டிரிகரைப் பழகிய பிள்ளை “இதோ விடப் போகிறது” என்று பயந்து வெடுக்கென்று இழுக்கக் கற்றுக்கொள்கிறாள். அந்தப் பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது பயிற்றுநருக்கும் பிள்ளைக்கும் பெரும்பாடு. மலிவு ரைஃபிளில் நான் முதலில் பயப்படுவது இதற்குத்தான்.

அடுத்தது கட்டை. நின்று சுடும்போது ரைஃபிளைத் தாங்குவது தசையல்ல, எலும்பு. இடது முழங்கை இடுப்பெலும்பில் உட்கார வேண்டும், கன்னம் தானாகக் கட்டையில் சாய வேண்டும், கழுத்து வளையாமலே கண் குறித்துளைக்கு நேராக வந்து நிற்க வேண்டும். கன்னப் பலகையின் உயரம், தோள்தட்டின் நீளம், கைப்பிடியின் தூரம் எல்லாம் அவளுடைய உடம்புக்குச் சரியாக வந்தால்தான் இது நடக்கும். அடுத்தவர் அளவுக்குத் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருக்க முடியுமா? கைப்பிடி எட்டாத ரைஃபிளில் மணிக்கட்டு வளைந்து, விரல் டிரிகரைப் பக்கவாட்டில் இழுக்கும். குண்டு ஒவ்வொன்றும் ஒரே பக்கம் ஒதுங்கும். பிள்ளையோ தனக்குத் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்வாள். வளரும் வயது வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளவை மாற்ற வேண்டி வரும், மாற்ற இடம் தராத கட்டை அதற்குள் உதவாமல் போகும்.

இது உடல் பலத்துக்கான விளையாட்டு அல்ல என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். நம் நாட்டு நூர் சூரியானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் நின்று சுட்டார்.

என் யோசனை இது. இந்த வருடம் ரைஃபிளே வாங்க வேண்டாம். கிளப் ரைஃபிள்களில் ஒன்றைப் பெரும்பாலும் அவளுக்கே ஒதுக்க முடியுமா என்று பயிற்றுநரிடம் பேசுங்கள். அவளுடைய அளவுகளை ஒரு நோட்டில் குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதே அளவில் பூட்டிச் சுடட்டும். கையிலிருக்கும் பணத்தில் முதலில் நல்ல பெல்லட், அப்புறம் சுடும்போது போடும் கெட்டியான ஜாக்கெட்.

பெல்லட் என்றால் தட்டைத் தலை உள்ள போட்டி பெல்லட். அதே நிறுவனத்தின் அதே வகையிலேயே தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று தனித்தனியாக வரும். ஒரு குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒத்துப்போகும் அளவு கிடைத்துவிட்டால் 3 மி.மீ. சிதறிய ரைஃபிள் 2 மி.மீ.க்கு வருவதுண்டு. சில டப்பா பெல்லட் விலையில் கிடைக்கும் முன்னேற்றம் இது. பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

ஜாக்கெட் முதுகைத் தாங்கும். போட்டி விதிப்படி அதன் தடிமன் 2.5 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. வளரும் பிள்ளைக்குப் புதிது வேண்டாம், மூத்த பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போனதைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கித்தானும் தோலும் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பயிற்சி முடிந்து வந்ததும் காடியின் பின்பெட்டியில் சுருட்டிப் போட்டு விடாமல் காற்றாட மாட்டி வையுங்கள்.

அவள் தொடர்ந்து 9, 10 எடுக்க ஆரம்பித்த பிறகு ரைஃபிள் வாங்குங்கள். அப்போதும் புது மலிவு ரைஃபிளைவிட, ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ், ஸ்டையர் போன்ற நிறுவனங்களின் நல்ல பழைய போட்டி ரைஃபிளைத்தான் நான் பரிந்துரைப்பேன். நன்றாகப் பராமரித்த குழல் எளிதில் தேயாது, ஏனென்றால் மென்மையான ஈயம் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில்தான் அதில் போகிறது. டிரிகரும் கட்டையும் முதல்தரமாகவே இருக்கும். உங்கள் 4,000 வெள்ளியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நடக்கக்கூடிய காரியம்தான்.

பழையதில் பார்க்க வேண்டியது, குண்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைக்கும் காற்றுக் குடுவை. அதன் மேல் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். இந்தக் குடுவைகளுக்கு நிறுவனங்கள் வைத்திருக்கும் ஆயுள் பொதுவாக 10 வருடம், அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு. 200 பார் அழுத்தம் அடைத்து வைக்கும் பொருள், காலாவதியானது பிள்ளையின் கன்னத்துக்கு அருகில் இருக்கக் கூடாது. புதுக் குடுவையின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். குடுவையை நிரப்பி ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் அழுத்தமானியைப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது, அநேகமாக ரப்பர் வளையம்தான். அதை மாற்றிவிடலாம். பிறகு மணல் மூட்டையில் சாய்த்துப் பத்துப் பத்தாகச் சில அட்டைகள் சுட்டு, துளைக் கூட்டத்தின் வெளி அகலத்தை அளந்து 4.5 கழியுங்கள். 2 மி.மீ.க்குள் வந்தால் குழலில் குறையில்லை.

ஆன்லைனில் “நொடிக்கு 300 மீட்டர் வேகம்” என்று விளம்பரப்படுத்தும் சுருள்வில் ரைஃபிள்கள் இந்தப் போட்டிக்கு உதவாதவை. வில் விரியும்போது ரைஃபிள் முன்னும் பின்னும் உதறும், பிடிக்கிற பிடி கொஞ்சம் மாறினாலும் குண்டு வேறு இடத்துக்குப் போகும். 10 மீட்டருக்கு அந்த வேகம் தேவையும் இல்லை.

அதைவிட முக்கியம் சட்டம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். போலீஸ் தரும் உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், வெளிநாட்டிலிருந்து தருவிக்கத் தனி அனுமதி வேண்டும். “விளையாட்டுச் சாமான்” என்று எழுதிப் பொட்டலத்தில் அனுப்புகிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், மாட்டிக்கொள்வது நீங்கள்தான். எந்த ரைஃபிளுக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கிளப் செயலாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: உரிமம் யார் பெயரில் எடுக்க வேண்டும், ரைஃபிள் கிளப் பெட்டகத்திலேயே இருக்குமா, விற்பவரின் உரிமத்திலிருந்து அது எப்படி மாற்றப்படும். பதில் எழுத்தில் கிடைத்த பிறகு பணம் கொடுங்கள்.