பலகையை மாற்ற வேண்டாங்க, நிற்கும் விதத்தை மாற்றுங்க

குளத்தில் ஆடாமல் நின்ற புது பேடில் போர்டு (நின்றபடி துடுப்புப் போடும், காற்றடைக்கும் பலகை), கடலில் முழங்கால் உயர அலைக்கே கவிழ்க்கிறது, விற்றுவிடலாமா என்று திருப்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம் பழகுவதற்குத் தாராளம். விற்காதீங்க.

குளத்தில் இரு பாதத்தையும் இணையாக வைத்து நிற்கிறோம். அலையோ முன்னும் பின்னும் தள்ளும். ஒரு காலைப் பின்னுக்கு இழுத்து, முழங்காலை மடக்கி, துடுப்பைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். அதுதான் மூன்றாவது கால். உடைந்து வரும் அலையின் நுரையை நேருக்கு நேர் எதிர்கொள்ளுங்கள். பக்கவாட்டில் வாங்கினால் எந்தப் பலகையும் கவிழும். முதலில் மண்டியிட்டே தாண்டுங்கள், இதில் வெட்கம் எதற்கு?

அப்புறம் பலகைக்குள் அடிக்கும் காற்று. பலகையில் அச்சிட்டிருக்கும் அளவு வரை அடியுங்கள், பெரும்பாலும் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). கடைசி இரண்டு மூன்று பிஎஸ்ஐதான் கையை ஒடிக்கும். பலரும் அங்கேயே நிறுத்திவிட்டு, பலகை நடுவில் வளைகிறது என்று புலம்புவார்கள்.

பலகையை உங்கள் காலோடு இணைக்கும் கணுக்கால் கயிறு கட்டாமல் இறங்காதீர்கள். விழுந்தால் பலகைக்கும் கரைக்கும் நடுவில் நிற்கக் கூடாது, அடுத்த அலை அதை உங்கள் மேலேயே எறியும்.

பாலக்காடு தாண்டி பொன்னானிப் பக்கம் போவதென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் அலை சின்னதுதான், ஆனால் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். தண்ணீர் வழவழவென்று ஆசை காட்டும். காற்று உங்களைக் கடலுக்குள்ளே தள்ளிக்கொண்டே போகும். அது பலமாக அடிக்கும் நாளில் கரையிலேயே இருங்க.