கேமீட் என்றால் என்ன? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வீட்டில் வளர்ந்தவன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும்.

ஆணிடமிருந்து ஒன்று, பெண்ணிடமிருந்து ஒன்று வந்து சேர்ந்து புது உயிராகிறதே, அந்தச் செல்தான் கேமீட். அது கல்யாணப் பெயருங்க. கிரேக்கத்தில் 'கமேட்டஸ்' கணவன், 'கமேட்டே' மனைவி, 'கமோஸ்' திருமணம். மோனோகமி (ஒரு மணம்), பாலிகமி (பல மணம்) எல்லாம் ஒரே வேர். பூ காட்டாமலே இனம் பெருக்கும் பாசி, பெரணிக்கெல்லாம் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் 'கிரிப்டோகேமியா', மறைவான மணம். நம் ஆட்களாக இருந்தால் களவு மணம் என்றிருப்பார்கள்.

தமிழில் இனச்செல், பாலணு. இலங்கையில் 'புணரி' என்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். நிலைமொழியும் வருமொழியும் புணர்ந்து ஒன்றாகிற மாதிரிதானே இதுவும்? என்ன, வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்ச் சிரிக்கும்.

பரம்பரைக் குணங்களைச் சுமக்கிற குரோமோசோம், கேமீட்டில் பாதிதான் இருக்கும். நமக்கு 46, கேமீட்டில் 23. தென்னைக்கு 32, கேமீட்டில் 16. ஆண் கேமீட்டும் பெண் கேமீட்டும் சேர்ந்தால் சைகோட், கருவின் முதல் செல். அதற்கும் கிரேக்கத்தில் பொருள் 'நுகத்தில் பூட்டியது'. காங்கேயம் காளைகளை ஜோடியாக ஏரில் பூட்டிப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பிள்ளைகள் மார்க்கை விடுவது இங்கேதான்: மகரந்தத் தூளையே ஆண் கேமீட் என்று எழுதிவிடுவார்கள். தூள் மாப்பிள்ளை வருகிற வண்டி மாதிரி. அதிலிருந்து உண்டாகிற இரண்டு ஆண் செல்கள்தான் கேமீட்.

போன லீவில் தோப்பில் வெடித்த பாளை ஒன்றை அப்புச்சிக்குக் காட்டினேன். கதிரின் அடியில் உருண்டையாக ஒன்றிரண்டு பெண் பூ, அதுதான் குரும்பையாவது. மேலே நுனிவரை அரிசி அரிசியாக ஆண் பூ. தட்டினால் விரலில் மஞ்சள் தூள். "இதுல ஒரு தூளுல இருந்து ரெண்டு பேரு வருவாங்க அப்புச்சி. ஒருத்தன் முட்டையோட சேர்ந்தா கரு. இன்னொருத்தன் பக்கத்துல இருக்கற வேற ரெண்டு உட்கருவோட சேர்றான். அதுலதான் இளநித் தண்ணியும் பருப்பும் உண்டாகுது. கரு வளரத் தீனி அதுதான்."

அப்புச்சி தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அப்ப நாம குடிக்கறது ரெண்டாங் கல்யாணத்துப் பந்தியாக்கும்?"