ஆண்களுக்கு வரும் ஈஸ்ட் தொற்று: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரு வாரமா ஆணுறுப்பு முனையில சிவப்பு, அரிப்பு, சின்னச் சின்னப் புள்ளி. முன்தோலுக்கு அடியில வெள்ளையா திரிதிரியா படியுது. எந்த கிரீம், எத்தனை நாள்?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சைக்குப் பொருந்துகின்றன. முதல் தடவை என்றால் ஒருமுறை டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மருந்து எளிமையானதுதான்: க்ளோட்ரிமசோல் 1 சதவீதம் அல்லது மைக்கோனசோல் 2 சதவீதம். காலை, இரவு என இரண்டு வேளை, 7 முதல் 14 நாள். மூன்றாம் நாளே அரிப்பு அடங்கிவிடலாம். அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள், குறைந்தது 7 நாளை முடியுங்கள்.

தடவும் முறையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். முன்தோலை வலிக்காத அளவுக்குப் பின்னால் தள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஓரிரு நிமிடம் காற்றுப் படட்டும். பிறகு பட்டாணி அளவு கிரீமை முனையிலும், அதன் விளிம்புக்குக் கீழுள்ள பள்ளத்திலும், முன்தோலின் உள்பக்கத்திலும் பூசுங்கள். வெள்ளையாகப் படிந்து தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். முடித்ததும் முன்தோலைப் பழையபடி முன்னால் கொண்டுவந்து விடுங்கள். பின்னாலேயே விட்டால் முனை வீங்கும், தோல் வளையம் போல இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். அப்படி மாட்டிக்கொண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

ஒரு வாரத்தில் துளியும் குறையவில்லையா? டியூபை மாற்றிப் பார்க்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: நான் வாங்கின கிரீம் ரெண்டே நாள்ல கேட்டுச்சு. விட்டதும் முன்னைவிட மோசமா வருது. மறுபடி போட்டா அடங்குது. ஆறு மாசமா இப்படியே போகுது. டியூப்ல க்ளோபெட்டசால், ஜென்டாமைசின், மைக்கோனசோல்னு மூணு பேர் இருக்கு.

பதில்: முதல் பேர்தான் வில்லங்கம். க்ளோபெட்டசால் மிகக் கடுமையான ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து. இரண்டும் 'க்ளோ' என்று தொடங்கி 'சால்', 'சோல்' என்று முடிகின்றன. அவசரத்தில் படித்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே டியூபின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் இருந்தாலும் கதை இதுதான்.

ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும். பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் சேர்த்தே அமுக்கிவிடும். இரண்டு நாளில் குணமானது போலத் தெரிவது அதனால்தான். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். தொடை இடுக்கில் பிரசவத் தழும்பு போல வரிகள் விழும், அவை முழுதாக மறைவதில்லை. வீக்கம் அதிகமானால் டாக்டர்களே லேசான ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதத்தைப் பூஞ்சை மருந்தோடு சில நாளுக்குச் சேர்ப்பது உண்டு. அது வேறு, உங்கள் டியூப் வேறு. அரை வருடம் போட்டிருக்கிறீர்கள், நிறுத்தியதும் சிவப்பு ஒருமுறை பொங்கிக் கிளம்பும். தோல் டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

கேள்வி: ஆண்களுக்கு ஈஸ்ட் தொற்றுக்கு பெஸ்ட் கிரீம் எது?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: வயசு 42. இந்த வருஷத்துல இது மூணாவது தடவை. கிரீம் போட்டா போயிடுது, திரும்ப வருது.

பதில்: கிரீமை விடுங்கள், சுகர் பார்த்தீர்களா? திரும்பத் திரும்ப வரும் ஈஸ்ட், சர்க்கரை நோயின் முதல் அறிகுறியாக இருப்பது உண்டு. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, அல்லது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். வேறு அறிகுறி இல்லாவிட்டால் இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வார்கள். இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கூடவே அந்த இடத்தில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கல்ச்சர் செய்யச் சொல்லுங்கள். கேண்டிடாவிலேயே கிளாப்ராட்டா போன்ற சில வகைகள் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரைக்கு எளிதில் மசியாது.

கேள்வி: எனக்கு ஏற்கனவே சுகர். டாபாகிளிஃப்ளோசின் ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம் இது வந்துச்சு. மாத்திரையை நிறுத்திடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் மூன்றும் ரத்தச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. முன்தோலுக்கு அடியில் தங்கும் ஒவ்வொரு சொட்டிலும் சர்க்கரை இருக்கிறது, அது ஈஸ்டுக்குத் தீனி. சிறுநீர் கழித்ததும் கடைசிச் சொட்டு வரை விட்டு, தண்ணீரில் அலசி, ஒற்றி உலர்த்துங்கள். பலருக்கு இதுவும் கிரீமும் போதும், மாத்திரையைத் தொடரலாம்.

பிறப்புறுப்பிலோ, அதற்கும் ஆசனவாய்க்கும் நடுவிலோ கடும் வலி, வீக்கம், கூடவே காய்ச்சல் வந்தால் அது ஈஸ்ட் அல்ல. தோலுக்கு அடியில் சதை அழுகும் அபூர்வமான தொற்றாக இருக்கலாம். இந்த மருந்துகளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரிக்கை வெளியிட்டது இதற்காகத்தான். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: வெறும் தண்ணீரில் கழுவினால் கிருமி எப்படி சாகும் டாக்டர்? நான் தினம் மூன்று வேளை கிருமிநாசினி கலந்து, சோப்பும் போட்டுத்தான் கழுவுகிறேன். ஆனாலும் எரிச்சல் நிற்கவில்லை.

பதில்: எரிச்சல் நிற்காததற்கு அந்த மூன்று வேளையே காரணமாக இருக்கலாம். கட்டி சோப்பு காரத்தன்மை உடையது, தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது. முன்தோலின் உள்பக்கம் உடம்பிலேயே மெல்லிய தோல்களில் ஒன்று. சோப்பு அதன் எண்ணெய்ப் பசையை உருவினால் நுண்ணிய வெடிப்பு விழும், ஈஸ்ட் அதில் குடியேறும். ஈஸ்டே இல்லாமல் சோப்பு மட்டுமே சிவப்பையும் எரிச்சலையும் தரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அவரே: அப்போ அந்த வெள்ளைப் படிவு? நாற்றம்?

பதில்: படிவு பெரும்பாலும் உதிர்ந்த தோலும் எண்ணெய்ப் பசையும்தான். தினம் ஒருமுறை முன்தோலைத் தள்ளித் தண்ணீரில் அலசினாலே போய்விடும். அப்படியும் மீன் நாற்றம் போல அடித்தால் பாக்டீரியாவாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை வேறு. எந்தக் கிருமிநாசினியும் அதற்கு மருந்தாகாது.

இன்னொருவர்: டாக்டர் சொல்றது சரி. நான் சோப்பை நிறுத்தினதும் பத்து நாள்ல போயிடுச்சு, கிரீமே தேவைப்படல. எல்லாரும் கிரீமைத் தூக்கிப் போடுங்க.

பதில்: தூக்கிப் போட வேண்டாம். சோப்பை விட்டதும் போனது என்றால் உங்களுக்கு இருந்தது பெரும்பாலும் ஈஸ்ட் அல்ல, சோப்பு எரிச்சல். உண்மையான ஈஸ்ட் இருப்பவர் உங்களைப் பார்த்துக் காத்திருந்தால் வெடிப்பும் வலியும்தான் மிஞ்சும்.

கிருமிநாசினி நண்பருக்கு: இரண்டு வாரம் சோப்பு, கிருமிநாசினி, ஈரத் துடைப்பான், வாசனைப் பவுடர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உள்ளாடையைச் சலவைத்தூள் தங்காமல் இரண்டு முறை அலசுங்கள். குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. குறையாவிட்டால் பரிசோதனைக்குப் போங்கள்.

அவரே: ஒரு வேளையாவது சோப்பு?

பதில்: அந்த இடத்துக்கு வேண்டாம். தொடை இடுக்குக்கு மென்மையான, வாசனையில்லாத சோப்பு போட்டு நன்றாக அலசலாம்.

கேள்வி: தொடை இடுக்கில வட்டமா, ஓரம் மட்டும் தடிச்சு சிவந்திருக்கு. விதைப்பையில எதுவும் இல்ல. இதுவும் ஈஸ்டா?

பதில்: படர்தாமரை போலத் தெரிகிறது. ஈஸ்ட் வந்தால் மடிப்பின் ஆழம் ஈரமாகச் சிவக்கும், சுற்றிலும் சின்னக் கொப்புளங்கள் சிதறும், விதைப்பையையும் தொடும். படர்தாமரை பெரும்பாலும் விதைப்பையை விட்டுவிடும். க்ளோட்ரிமசோல் இரண்டுக்கும் கேட்கும். நிஸ்டாட்டின் ஈஸ்டுக்கு மட்டும்தான். ஸ்டீராய்டு கலந்த டியூப் இதற்கும் கூடாது.

கேள்வி: எந்த கிரீம் போடணும் டாக்டர்? அவசரம்.

பதில்: மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள். டியூபின் பின்பக்கத்தையும் படியுங்கள்.

கேள்வி: மனைவிக்கும் மருந்து கொடுக்கணுமா?

பதில்: அவருக்கு அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் அவரும் பரிசோதித்துச் சிகிச்சை எடுக்கட்டும். ஒன்றும் இல்லை என்றால் பொதுவாகத் தேவையில்லை. இதைப் பால்வினை நோயாகக் கணக்கெடுப்பதில்லை, யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. புண் ஆறும்வரை உறவைத் தள்ளிப்போடுங்கள். இந்த கிரீம்களில் பல லேடக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும்.

கேள்வி: பூண்டு அரைச்சுப் போடலாமா? வினிகர்?

பதில்: இரண்டும் வேண்டாம். பூண்டு அந்தத் தோலை வெந்துபோகச் செய்யும்.

கேள்வி: கிரீம் தொல்லை வேண்டாம், ஃப்ளூகோனசோல் 150 ஒன்று போட்டால் போதுமா? வார்ஃபரின் சாப்பிடுகிறேன்.

பதில்: நீங்களாகப் போடவே கூடாது. வார்ஃபரின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, ஃப்ளூகோனசோல் அதன் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும். மைக்கோனசோலும் உங்களுக்கு ஆகாது. க்ளோட்ரிமசோல் கிரீம் போடும் முன்பும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 150 மில்லிகிராம் ஒற்றை வேளை என்பது தொற்று கடுமையாக இருப்பவர்களுக்கு டாக்டர் தருவது.

கேள்வி: வலி மாத்திரை போடும்போதெல்லாம் முனையில அதே இடத்துல வட்டமா கருஞ்சிவப்பா வருது. கிரீம் கேக்கல.

பதில்: கேட்காது, இது பூஞ்சை இல்லை. ஒரே மருந்துக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒவ்வாமை போலத் தெரிகிறது. இந்த ஒவ்வாமைக்கு ஆணுறுப்பு முனை பேர்போனது. மாத்திரையின் மூலப்பெயரைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை அந்த மாத்திரையைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு புண், வலியே இல்ல, மூணு வாரம் ஆச்சு. வலி இல்லாததால கிரீம் போட்டுட்டு விட்டுட்டேன்.

பதில்: வலி இல்லை என்பதுதான் கவலை. சிஃபிலிஸின் முதல் புண் வலிக்காது, தானாக ஆறியும் விடும், நோய் மட்டும் உள்ளே தங்கும். அபூர்வமாகப் புற்றுநோயும் இப்படித் தொடங்கும். கிரீமை இன்றே நிறுத்துங்கள். பூச்சு இருந்தால் புண்ணிலிருந்து எடுக்கும் மாதிரி கெட்டுப்போகும். நாளைக்கே தோல் அல்லது பால்வினை நோய் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.