கும்பார்வாடாவில் முதல் ஆவணப்படம்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

மும்பையில் ஊடகம் படிக்கும் தமிழ் மாணவர்கள் சிலர், தாராவி கும்பார்வாடாவின் குயவர்களைப் பற்றி இருபது நிமிட ஆவணப்படம் ஒன்று எடுக்கப் போகிறார்கள். எல்லாருக்கும் இதுதான் முதல் படம். ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் செய்வது என் தொழில் என்பதால் என்னிடம் கேட்டார்கள். அவர்களோடு வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

செம்பூர் மாணவி: அக்கா, அங்கே போவதற்கு முன்னால் என்னவெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் மனிதர்கள். தாராவி என்றதும் நம்மவர்களுக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்த குடும்பங்கள்தான் நினைவுக்கு வரும். கும்பார்வாடா வேறு. தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய அந்தக் குடியிருப்பு, குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்த குயவர்களுடையது. நகரத்தின் வேறு இடங்களில் சூளை வைத்திருந்தவர்கள், நகரம் வளர வளர இடம்பெயர்க்கப்பட்டு 1930களில் இங்கே வந்தார்கள். அப்போது இது நகரத்தின் ஓரம். இன்று நடு.

அடுத்து மண். படமெடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் சக்கரத்தின் முன்னால் போய் நின்றுகொள்கிறார்கள். ஒரு பானைக்குச் சக்கரத்தில் வேலை சில நிமிடம்தான். அதற்கு முன்னால் மண் ஊறவேண்டும், கல்லும் வேரும் நீக்கி மிதித்துப் பிசையவேண்டும். பின்னால் நிழலிலும் வெயிலிலும் காயவேண்டும். உள்ளே ஈரம் தங்கிய பானையைச் சூளையில் ஏற்றினால் அந்த ஈரம் ஆவியாகிப் பானையை உடைத்துவிடும். சூடு ஐந்நூறு, அறுநூறு டிகிரியைத் தாண்டும்போது மண்ணோடு பிணைந்திருக்கும் நீரும் வெளியேறும். அதற்குப் பிறகு தண்ணீரில் ஊறப்போட்டாலும் அது மறுபடி களிமண் ஆகாது. மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்தால் சிவப்பு. காற்றை அடைத்துப் புகைமூட்டினால் கறுப்பு.

இதெல்லாம் எதற்கு என்றால், எந்த நேரத்தில் எங்கே நிற்கவேண்டும் என்று அப்போதுதான் தெரியும். மண் பிசைவது, காயவைப்பது, திருப்பி வைப்பது, சூளைக்குச் சுமப்பது, வண்ணம் பூசுவது, விற்பது எல்லாவற்றிலும் பெண்களின் உழைப்பு இருக்கிறது. சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் அந்த வீட்டின் பாதி உழைப்பு உங்கள் படத்தில் இருக்காது.

முலுண்ட் மாணவர்: எந்தக் கேமரா வாங்கலாம்?

வாங்காதீர்கள். கல்லூரியில் இருப்பது போதும். கையில் பணம் இருந்தால் நல்ல மைக் ஒன்று வாங்குங்கள். படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்.

அந்தேரி மாணவி: எந்த மாதத்தில் எடுப்பது நல்லது?

ஒரு மாதத்தில் முடிக்க நினைக்காதீர்கள். அவர்களுடைய வருடம் பண்டிகையை வைத்து ஓடுகிறது. கோடையில் தண்ணீர்ப் பானை. கோகுலாஷ்டமிக்கு உறியடிப் பானை. நவராத்திரிக்குக் கர்பா ஆடும்போது நடுவில் வைக்கிற ஓட்டைபோட்ட பானை. தீபாவளிக்கு அகல்கள், மலை மலையாக. தை மாதச் சங்கராந்திக்கு மராத்தி வீடுகளில் பூஜைக்கு வைக்கும் சின்னக் கலயங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழை. எதுவும் சீக்கிரம் காயாது, அதனால் சூளையும் தாமதமாகும். ஆனால் தீபாவளி அகலுக்கான வேலையை அந்த ஈரத்திலேயே தொடங்கியாக வேண்டும். உங்கள் படத்தின் இழுபறி அங்கேதான் இருக்கிறது, அதற்காகத் தனியாகக் கதை தேட வேண்டாம். மழையில் ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவையாவது போங்கள். முதல் இரண்டு மூன்று தடவை கேமரா இல்லாமல் போங்கள்.

சயான் மாணவர்: எங்களுக்கு குஜராத்தி தெரியாது. இந்தியில் பேட்டி எடுத்தால் போதுமா?

போதாது. அவர்கள் நன்றாகவே இந்தி பேசுவார்கள், வியாபாரமே அதில்தான். ஆனால் அது கடைப்பேச்சு. வாடிக்கையாளருக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்வார்கள். வயதானவர் வீட்டில் பேசும் கத்தியவாடி குஜராத்தியில், அதாவது சௌராஷ்டிரப் பேச்சுவழக்கில் பேசட்டும். குஜராத்தி தெரிந்த தோழர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், கேள்வியை அவர் கேட்கட்டும். பேசுபவர் பார்ப்பது அவரைத்தான். மொழிபெயர்ப்பைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். தமிழில் துணைவரி போடும்போது ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். நம் சொற்கள் நீளம். சொன்னது முழுவதையும் திணித்தால் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது.

பேட்டி எடுத்த இடத்தில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் ஒலியை மட்டும் பதியுங்கள். அறை ஒலி என்பது இதுதான். தொகுக்கும்போது வெட்டின இடங்களை மூட அது வேண்டும். இதை இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன்.

காட்கோபர் மாணவர்: படத்துக்கு ‘அழிந்துவரும் மண்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மாற்றுங்கள். படமே எடுக்காமல் முடிவு எப்படித் தெரிந்தது? தீபாவளிக்கு முன்னால் அந்தச் சந்துகளில் நடக்க இடமிருக்காது, அவ்வளவு சரக்கு. சக்கரம் மோட்டாரில் ஓடுகிறது. அவர்கள் மாறிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளில் சிலர் வேறு வேலைக்குப் போகிறார்கள், சிலர் திரும்பியும் வருகிறார்கள். அழிகிறது என்று முடிவுகட்டிக்கொண்டு போனால் முதியவரின் சுருக்கத்தையும் உடைந்த பானையையும் மட்டும்தான் எடுத்துக்கொண்டு வருவீர்கள். கணக்கு எழுதுகிற மகளை எடுக்க மாட்டீர்கள்.

விக்ரோலி மாணவி: அக்கா, பேட்டி கொடுப்பவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா?

பேசுவதற்குக் கொடுக்காதீர்கள். நிறுத்திய வேலைக்குக் கொடுங்கள்.

ஊடக ஆசிரியை ஒருவர்: இதை நான் ஏற்கவில்லை. பணம் கைமாறிவிட்டால் நீங்கள் கேட்க விரும்புவதைத்தான் சொல்வார்கள். அடுத்த வருடம் வருகிற மாணவனிடமும் கேட்பார்கள். என் வகுப்பில் அனுமதிப்பதில்லை.

அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மாணவனிடம் கேட்டால் என்ன தவறு? அவனுக்கு மதிப்பெண் கிடைக்கிறது, விழாவுக்குப் போகிறான், அந்தப் படத்தைக் காட்டி வேலையும் வாங்குகிறான். கேமராவுக்காகச் சக்கரத்தை நிறுத்தியவருக்கு அன்றைய உருப்படி குறைகிறது. அந்த இழப்பு படத்தின் செலவுதான். மைக் வாடகை மாதிரி அதையும் எழுதுங்கள்.

தாராவி நண்பர்: நான் கும்பார்வாடாவுக்குப் பக்கத்துச் சந்துல வளர்ந்தவன். ஒண்ணு சொல்றேன். வெளிய இருந்து வர்றவங்க எல்லாரையும் ஏழைனு நெனச்சுக்கிட்டு வர்றாங்க. அங்க மொத்த ஆர்டர் எடுத்து வெளியூருக்கு அனுப்புறவங்களும் இருக்காங்க, கூலிக்கு மண்ணு மிதிக்கிறவங்களும் இருக்காங்க. பெரிய கடைக்காரர்கிட்ட நூறு ரூபாய நீட்டினா அவருக்கு அவமானம். கூலிக்காரருக்குக் குடுக்காம வந்தா அது திருட்டு.

மாணவர்களே, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல நினைத்ததைவிட இது சரி. யாருக்கு என்ன இழப்பு என்று தெரியாமல் எல்லாருக்கும் ஒரே தொகை என்று போகாதீர்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை உருப்படி, மொத்த விலை என்ன என்று கேட்டால் கணக்கு தானாக வந்துவிடும். அந்தக் கேள்வியே நல்ல பேட்டிதான்.

ஆசிரியை: வாழ்க்கைக்குத் திண்டாடுகிறவரிடம் பணத்தைக் காட்டி வாங்கும் ஒப்புதல் எப்படி ஒப்புதலாகும்? இதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

இந்த விவாதத்தில் மிக வலுவான கேள்வி இதுதான். இரண்டையும் பிரித்துவிடுங்கள் என்பதே என் பதில். முதல் நாள் ஒப்புதல் மட்டும். பணப்பேச்சே கூடாது. எதற்காக எடுக்கிறோம், எங்கே காட்டுவோம், இணையத்தில் ஏற்றுவோமா என்று குஜராத்தியில் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றவரிடம் பிறகொரு நாள் வேலை நேரத்தைப் பேசுங்கள். பின்னால் அவர் மனம் மாறி ‘என்னைப் படத்திலிருந்து நீக்கிவிடு’ என்றால் நீக்கிவிட வேண்டும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக்கூடாது. அப்போதுதான் பணம் அவர் வாயைக் கட்டாது.

ஆசிரியை: அப்படியானால் படத்தின் முடிவில் பணம் கொடுத்ததை எழுத்தில் காட்ட வேண்டும்.

முழுமனதாக ஏற்கிறேன். காட்டுங்கள்.

விக்ரோலி மாணவி: எங்களிடம் பணமே இல்லை அக்கா.

அப்படியென்றால் வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவர்கள் பாட்டுக்குச் செய்யட்டும், ஓரமாக நின்று எடுங்கள். பேச்சை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சத்தமும் அப்போதுதான் நிற்கும்.

தாராவி நண்பர்: போட்டோ எடுத்துட்டுப் போறவங்க ஒருத்தரும் திரும்பி வந்து காட்டினதில்ல. அதையும் சொல்லுங்க.

கடைசியில் அதற்கு வருகிறேன். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தானே மாணவர்: சின்னப் பையன் ஒருவன் சக்கரத்தில் அழகாக அகல் செய்கிறான். அவனையே நாயகனாக வைக்கலாமா?

நிதானம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயது நிரம்பாத பிள்ளை பள்ளி நேரம் போகத் தன் குடும்பத் தொழிலில் உதவலாம், ஆபத்தான வேலை கூடாது. நீங்கள் பகல் பதினோரு மணிக்கு எடுத்த காட்சியைப் பார்ப்பவர், பையன் பள்ளிக்குப் போகவில்லை என்று எண்ணுவார். அன்று விடுமுறையாக இருந்திருக்கலாம். புகார் எழுந்தால் பதில் சொல்ல வேண்டியது அந்தக் குடும்பம், நீங்கள் இல்லை. பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் எடுக்காதீர்கள். பள்ளிப் பெயர், சீருடை தெரிய வேண்டாம். சூளைக்கு அருகே அவனை நிற்கவைத்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

நேருல் மாணவர்: எந்தக் கேமரா, எந்த லென்ஸ்?

மேலே பதில் இருக்கிறது. மைக்.

பாண்டுப் மாணவி: எடுத்துப் பார்த்த சோதனைக் காட்சியில் விளக்கு வெளிச்சம் துடிக்கிறது. கேமரா பழுதா?

பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 பிரேம் வைத்து, ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்காக வையுங்கள். துடிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். சில மலிவான எல்இடி விளக்குகள் அப்போதும் துடிக்கும், அவற்றை அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள். ஷட்டர் வேகத்தை அதற்கு மேல் கூட்டினால் சுழலும் சக்கரம் வெட்டி வெட்டித் தெரியும். பானை வாய் விரியும்போது அந்த மங்கலான சுழற்சிதான் அழகு.

ஒர்லி மாணவர்: ட்ரோன்?

வேண்டாம். விமான நிலையம் பக்கம், அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வழக்கு. மேலே இருந்து தெரிவது தகரக் கூரை, பானை இல்லை.

மாட்டுங்கா மாணவி: தாராவியை இடித்து அடுக்குமாடி கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தைப் படத்தில் சேர்க்க வேண்டுமா? ஆசிரியர் அரசியல் வேண்டாம் என்கிறார்.

அங்கே படமெடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் விடமுடியாது. 2022இல் ஒப்பந்தப்புள்ளி அதானி குழுமத்துக்குச் சென்றதிலிருந்து யாரோடு பேசினாலும் பேச்சு அங்கே வந்து நிற்கும். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு 350 சதுர அடி வீடு இலவசம் என்பது திட்டம். குயவருக்கு வீடு மட்டும் இருந்தால் போதாது. கீழே பட்டறை, மேலே குடித்தனம், வாசலில் காயவைக்க இடம், சந்துக்குள் அக்கம்பக்கத்தார் சேர்ந்து போடும் சூளை. பன்னிரண்டாவது மாடியில் சூளை மூட்ட முடியாது. ‘உங்களுக்கு இது சரியா’ என்று கேட்டால் எல்லாரும் ஊடகத்துக்குச் சொல்வதைச் சொல்வார்கள். ‘மண் வந்தால் எங்கே கொட்டுவீர்கள், ஈரப்பானையை எங்கே பரப்புவீர்கள்’ என்று கேளுங்கள், அந்த இடத்தை அவரோடு நடந்து காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. சூளைகளில் பஞ்சுக் கழிவும் மரத்தூளும் எரிகின்றன. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது அந்தக் குடும்பங்களே. புகையை அழகான காட்சியாக மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். வீட்டுப் பெண்களிடம் இருமலைப் பற்றிக் கேளுங்கள். நீங்களும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண் மாணவர்: முப்பது நொடி வரை சினிமாப் பாட்டு போட்டுக்கொள்ளலாமாமே?

அப்படி ஒரு சட்டம் இல்லை. பேட்டி நடக்கும்போது பக்கத்து வீட்டில் பாட்டு ஓடினால் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், இல்லை வேறு இடம் பாருங்கள். மண் பிசையும் சத்தம், தட்டிப் பார்க்கும் பானையின் கணீர் ஒலி இதெல்லாம் இருக்கும்போது பாட்டு எதற்கு?

டோம்பிவ்லியிலிருந்து ஒருவர்: புதுக்கோட்டைப் பக்கம் அய்யனார் குதிரை செய்பவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

அது வேளார்கள் என்னும் தமிழ்க் குயவர்களின் தனி உலகம், கோயில் வழிபாட்டோடு சேர்ந்தது. அங்கே வேலை செய்தவர்களைக் கேளுங்கள்.

பவாய் மாணவர்: மொபைலில் எடுத்தால் போதுமா, இல்லை கேமரா…

மூன்றாவது தடவை. போதும். மைக் வாங்குங்கள், அறை ஒலியைப் பதியுங்கள், அன்றிரவே இரண்டு இடங்களில் நகல் எடுங்கள். இனிக் கேமராக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

செம்பூர் மாணவி: முடித்த பிறகு எங்கே திரையிடுவது?

தாராவி நண்பர் கேட்டதும் இதுதான். முதல் திரையிடல் கும்பார்வாடாவில். அதுவும் இறுதி வடிவத்துக்கு முன்னால், இன்னும் வெட்ட முடிகிற நிலையில். பேச்சு குஜராத்தி என்பதால் துணைவரிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். ஒரு வெள்ளைத்துணி, கல்லூரி புரொஜெக்டர், வேலை முடிந்த இரவு. தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் வைக்காதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது. ‘இந்த இடம் வேண்டாம்’ என்று சொன்னால் எழுதிக்கொண்டு வந்து நீக்குங்கள். பிறகு கல்லூரி, பிறகு விழாக்கள். ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்குமான மும்பைப் பன்னாட்டு விழா 1990 முதல் நடக்கிறது, மாணவர் படங்களுக்கும் இடமுண்டு. படத்தில் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பென்டிரைவில் படத்தையும், அவர்களுடைய முழுப் பேட்டியையும் கொடுங்கள். படத்தில் நாம் வைப்பது இரண்டு நிமிடம். பாட்டனார் பேசிய ஒரு மணி நேரம் பேரனுக்கு வேண்டியிருக்கும்.