பெய்ஜிங் பக்கம் மலை நடை: கடைசி பஸ்ஸிலிருந்து திட்டம் போடுங்கள்

திருநெல்வேலியிலிருந்து பெய்ஜிங்குக்கு வேலைக்குப் போயிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மனைவி, எட்டு வயது மகள், அவர் என்று மூன்று பேர். கார் இல்லை. சீன மொழி 'நீ ஹாவ்', 'ஷியே ஷியே'யோடு நிற்கிறது. சனிக்கிழமைகளில் மலைப்பக்கம் நடக்கப் போக வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறார். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள் பழுது பார்க்காத பெருஞ்சுவர்மேல் நடக்கக் கூப்பிடுகிறார்களாம், போகலாமா? அக்டோபர் கடைசியில் மனைவியின் அப்பா அம்மா வருகிறார்கள், அத்தைக்கு முழங்கால் வலி, அவர்களை எங்கே கூட்டிப்போவது? "சதுரகிரியே ஏறியிருக்கிறோம், ஏறுவது பெரிய விஷயம் இல்லை" என்றும் சேர்த்திருக்கிறார்.

சரி, சதுரகிரி ஏறிய காலுக்கு இங்கே ஏறுவது பெரிய விஷயம் இல்லைதான். பெய்ஜிங் எல்லைக்குள் இருப்பதிலேயே உயரமான லிங்ஷான் 2303 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவு, நீங்கள் வாராவாரம் போகப்போகும் மேற்கு மலைகள் அதில் பாதிகூட வராது. சிக்கலெல்லாம் இறங்கிய பிறகுதான். நான் அங்கே போன முதல் வருடம், நவம்பர் மாதம், பெய்ஜிங்கின் மேற்கு மலை மாவட்டமான மென்தோகோ பக்கம் ஒரு கிராமத்தில் மலையிலிருந்து இறங்கினால் கடைசி பஸ் போய்விட்டது, இருட்டிவிட்டது, கை விறைக்கிற குளிர், போனை எடுத்தால் முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி கண்ணெதிரே அணைந்துபோனது. குளிரில் பேட்டரி அப்படித்தான் சாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சீனாவில் போன் செத்தால் பணம், வரைபடம், மொழிபெயர்ப்பு, டாக்ஸி நாலும் ஒன்றாகச் சாகும். ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, சைகையில் சார்ஜர் கேட்டு, அந்தப் பாட்டி கொடுத்த வெந்நீரைக் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதனால் எந்த மலைக்குப் போவதானாலும் முதலில் இறங்கும் இடத்தில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மலை மடிப்புக்குள் இன்னும் சீக்கிரம். பவர் பேங்க்கைப் பையில் போடாமல் ஸ்வெட்டருக்குள் உடம்போடு வையுங்கள். நூறு யுவான் தாளாகவும் இருக்கட்டும்.

முதல் சனிக்கிழமைக்கு மலையே வேண்டாம், மலை அடிவாரம் போதும். மெட்ரோ 10ஆம் லைனில் பாகோ நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து மேற்குப் புறநகர் டிராம் கிளம்பும். 2017 கடைசியில் வந்தது, மொத்தமே சுமார் 9 கிலோமீட்டர், கோடை அரண்மனையின் மேற்கு வாசல் வழியாகப் போகும், கடைசிக்கு முந்தைய நிறுத்தம் தேசியத் தாவரவியல் பூங்கா. அங்கே இறங்கி, வோஃபோ கோயிலில் பள்ளிகொண்ட புத்தரைப் பார்த்துவிட்டுப் போங்கள். 1321இல் வார்த்த வெண்கலச் சிலை, ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், ஒரு கையைத் தலைக்கு அண்டைகொடுத்துப் படுத்திருப்பதைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்கு யார் ஞாபகம் வரும் என்று சொல்லவே வேண்டியதில்லை. கோயிலுக்குப் பக்கவாட்டில் செர்ரிப் பள்ளத்தாக்கு. ஓடை ஓரமாகப் பலகை நடைபாதை, இரண்டு பக்கமும் நெட்டுக்கு நிற்கும் மெட்டாசெக்கோயா மரங்கள். புதைபடிவமாக மட்டுமே தெரிந்திருந்து, அழிந்துபோன இனம் என்று நினைத்திருந்தபோது, 1940களில் சீனாவின் நடுப்பகுதியில் உயிரோடு கண்டுபிடித்த மரம் இது. டைனோசர் கூட்டத்தோடு இருந்த மரம் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அப்புறம் நடக்க மாட்டேன் என்று அழ மாட்டாள்.

அது பழகிய பிறகு டிராமின் கடைசி நிறுத்தமான சியாங்ஷான். பெயருக்கு 'நறுமண மலை' என்று அர்த்தம். உச்சி 600 மீட்டருக்குள்தான், ஆனால் அந்த உச்சிக்கு 'குய் ஜியன் ச்சோ' என்று பழைய பெயர் ஒன்று உண்டு, பேயே பார்த்துக் கவலைப்படும் இடம் என்று அர்த்தம், அந்தக் கடைசி அரை மணி நேரம் ஏறும்போது பெயர் சரிதான் என்று தோன்றும். காலை ஏழு மணிக்கே போங்கள். அந்த நேரத்தில் எழுபது வயதுக்காரர்கள் இடுப்பில் ரேடியோவும் கையில் வெந்நீர் ஃபிளாஸ்க்குமாக உங்களைத் தாண்டி ஏறிப்போவார்கள், உச்சியில் நின்று நெஞ்சு நிறையக் கத்துவார்கள், பக்கத்தில் நிற்கும் உங்களுக்கு ஒரு வெள்ளரிக்காயை நீட்டினாலும் நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையிலேயே மலைக்கு அதைவிட நல்ல தின்பண்டம் நான் கண்டதில்லை, தாகமும் அடங்கும், கையும் பிசுபிசுக்காது.

மூன்றாவது, பாதாச்சூ. மெட்ரோ 1ஆம் லைன் பிங்குவோயுவானில் இறங்கி பஸ். மலைச்சரிவில் எட்டுக் கோயில்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படிக்கட்டு, குழந்தைக்குக் கால் வலித்தால் எந்தக் கோயிலோடும் திரும்பிவிடலாம் என்பதுதான் அதன் சௌகரியம். அங்கிருந்து மலைமுகடு வழியாக சியாங்ஷான் வரை நடப்பதற்கு 'சியாங் பா லா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெய்ஜிங்கில் மலை நடப்பவர்கள் எல்லாரும் அநேகமாக அதில்தான் தொடங்கியிருப்பார்கள். ஒரு முழு நாள் நடை. மகளுக்கு இன்னும் இரண்டு வருடம் போகட்டும், நீங்கள் தனியாகப் போவதானால் கூட்டத்தோடு போங்கள். அந்தக் கூட்டத்துக்காரர்கள் தங்களை 'லூயோ' என்பார்கள், கழுதைத் தோழர்கள் என்று அர்த்தம். பயணத் தோழர் என்கிற சொல்லும் ஏறக்குறைய அதே ஒலி, மூட்டை சுமப்பதால் கழுதையும் பொருந்திவிட்டது. மொழி தெரியாதவரையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறவர்கள்தான் அவர்கள்.

வழி பார்க்க கூகுள் மேப்பை நம்பாதீர்கள். சீன வரைபடங்களில் இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவுக் கணக்கே வேறு, அதனால் கூகுளில் நீங்கள் நிற்கும் புள்ளியும் பாதையும் சில நூறு மீட்டர் தள்ளித் தெரியும். நகரத்தில் அது ஒரு தெரு வித்தியாசம், மலையில் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்கிற வித்தியாசம். காவோதே என்கிற சீன வரைபட ஆப்பைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், போகுமிடம், திரும்பும் நிறுத்தம் இரண்டின் பெயரையும் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், டிரைவரிடம் காட்ட உதவும். பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும், பல பூங்காக்களில் பெயர் பதிந்துதான் டிக்கெட். அவசரத்துக்கு 110 போலீஸ், 119 தீயணைப்பும் மீட்பும், 120 ஆம்புலன்ஸ். சைவம் என்றால் 'வோ ச்சு ஸு' என்று சொல்லிப் பழகுங்கள். சொன்னாலும் மலையடிவாரக் கடைகளில் கறிச்சாறு கலந்துவிடும் என்பதால் புளிசாதம் கட்டிக்கொண்டு போவதே நிம்மதி. குளிர்காலத்தில் சுட்ட சர்க்கரைவள்ளி விற்பார்கள், அதைப் பயமில்லாமல் வாங்கலாம்.

நவம்பர் 1 முதல் மே 31 வரை பெய்ஜிங்கில் காட்டுத்தீத் தடுப்புக் காலம். ஏழு மாதம்! மழை ஏறக்குறைய கோடையில் மட்டும்தான், மற்ற நேரம் மலை முழுக்கக் காய்ந்த சருகு. அந்தக் காலத்தில் சிவப்புக் கைப்பட்டை கட்டியவர் பாதையில் நின்று போகக்கூடாது என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். லைட்டர், தீப்பெட்டி எதுவும் பையில் வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் வேறு ஆபத்து, ஓடைப் படுகை. 2023 ஜூலை கடைசியில் நான்கைந்து நாளில் ஓரிடத்தில் மட்டும் 744.8 மில்லிமீட்டர் கொட்டி, மென்தோகோவிலும் ஃபாங்ஷானிலும் ரோடும் பாலமும் அடித்துக்கொண்டு போயின. மழை எச்சரிக்கை வந்த வாரம் மலைப்பக்கம் தலைவைக்காதீர்கள்.

பெருஞ்சுவர் விஷயத்துக்கு வருகிறேன். பழுது பார்க்காத சுவர்ப் பகுதியான ஜியான்கோவின் படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் திறந்துவிடாத பகுதியில் ஏறுவதற்குத் தடை இருக்கிறது, பலகையே வைத்திருப்பார்கள். சட்டத்தை விடுங்கள், சுவரைப் பாருங்கள்: ஐந்நூறு வருடத்துச் செங்கல், இடுக்கில் சுண்ணாம்பு உதிர்ந்து, ஒவ்வொரு கல்லும் பால்பல் மாதிரி ஆடும். நீங்கள் வைக்கும் ஒவ்வொரு அடியும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளுகிறது, மழையோ பனியோ பெய்திருந்தால் உங்களையும் சேர்த்து. அதில் நடக்க வேண்டாம் என்று நண்பர்களிடம் நேராகவே சொல்லுங்கள். பக்கத்திலேயே முத்தியன்யூ இருக்கிறது, அதே மலைத்தொடர், பழுது பார்த்த சுவர். கேபிள் கார் 14ஆம் காவல் கோபுரத்தில் விடும், அங்கிருந்து 20ஆம் கோபுரம் வரை ஏறிப் பாருங்கள், கூட்டம் பாதியிலேயே கழன்றுவிடும், படியும் செங்குத்து, ஜியான்கோ மலைமுகடும் கண்ணுக்கு நேராகத் தெரியும். பஸ் நிலையத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு 'இன்று பஸ் இல்லை, என் காரில் வா' என்பவரோடு மட்டும் போகாதீர்கள்.

மாமா அத்தைக்கும் முத்தியன்யூ சரிவரும், 14ஆம் கோபுரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சிவப்பிலைக்கு சியாங்ஷான்தான், அக்டோபர் பிற்பாதியிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. ஆனால் தயவுசெய்து சனி ஞாயிறு வேண்டாம், ஒரு நாள் லீவு போட்டு செவ்வாயோ புதனோ போங்கள். அந்த வாரங்களில் கூட்டம் தாங்காமல் டிராம் சியாங்ஷானில் நிற்காமல் போன நாட்களும் உண்டு, அப்படியானால் முழங்கால் வலியோடு ஒரு நிறுத்தத் தூரம் நடக்க வேண்டியிருக்கும். வடக்கிலிருந்து காற்று அடித்து ஓய்ந்த மறுநாளாகப் பாருங்கள், புகைமூட்டம் இருக்காது, உச்சியிலிருந்து நகரம் முழுக்கத் தெரியும். மேலே போக இருவர் உட்காரும் திறந்த நாற்காலி கேபிள் இருக்கிறது, அதிலேயே ஏறி அதிலேயே இறங்கட்டும், முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கெடுதல். காற்று ஊசியாகக் குத்தும், அத்தைக்கு ஒரு குல்லாவும் கையுறையும் கண்டிப்பாக.

அங்கே சிவப்பது மேப்பிள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஹுவாங்லு என்ற குட்டை மரம், உள்ளங்கைக்குள் அடங்கும் வட்ட இலை. நம் மாமரமும் முந்திரியும் அதே குடும்பம். மரத்திலிருந்து பறிக்காதீர்கள், கீழே உதிர்ந்து கிடப்பதில் காயாத ஒன்றை எடுத்து நசுக்கி அத்தையிடம் கொடுங்கள், மாங்கொழுந்து வாசனை லேசாக அடிக்கிறதா என்று அவர்களே சொல்லட்டும்.