கற்பிட்டி டொல்பின் பயணம்: ஒரே நாளில் போய்வர வேண்டாம்

வணக்கம். டிசம்பர் விடுமுறையில் அம்மாவோடும் எட்டு வயது மகளோடும் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரே நாளில் வடமேற்குக் கரையிலுள்ள கற்பிட்டி போய், டொல்பினும் தீவும் பார்த்து வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்குக் கடலில் வாந்தி வரும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

காலம் சரி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தக் கடல் அமைதி. ஆனால் ஒரே நாள் வேண்டாம். சிலாபம் தாண்டி, பாலாவியில் இடப்பக்கம் திரும்பி, எப்படியும் நாலு மணித்தியாலம் ஆகும். காலை ஏழு மணி போலப் படகில் ஏற வேண்டும், நேரம் போகப் போகக் காற்று எழும்பிவிடும். ஆகவே முதல்நாளே போய்த் தங்குங்கள்.

அம்மாவுக்கு வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே கொடுங்கள். எது ஒத்துக்கொள்ளும் என்று டொக்டரிடம் கேட்டுவிடுங்கள். வெறும் வயிறு கூடாது, இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிடட்டும். படகின் பின்பாதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டொல்பின் கூட்டத்தைக் கண்டதும் துரத்த வேண்டாம் என்று படகோட்டி அண்ணாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இது எனக்கு முக்கியமான விஷயம். இயந்திரத்தை அடக்கி ஓரமாகப் போனால் அவையே பக்கத்தில் வரும். ‘புஸ்’ என்று மூச்சு விடுவது கேட்கும். சாம்பல் முதுகு எழும்பி, காற்றில் பம்பரமாய்ச் சுழன்று விழும். மகள் அதை மறக்கவே மாட்டாள்.

பத்தலங்குண்டுத் தீவை இம்முறை விடுங்கள். தூரம் அதிகம், வெயிலும் கடுமை. பின்னேரம் களப்பில், அதாவது கரையோர உப்புநீர் ஏரியில், கண்டல் காட்டோரமாக ஒரு சுற்று போங்கள். அங்கே அலை குறைவு, அம்மாவும் நிம்மதியாகப் பறவை பார்ப்பார்.